நோன்பின் மேல் பழி போடாதவள்

என் தங்கை உயிரோடு இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக் கதை என்றால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற ஆள் நான். உங்களிலும் அப்படி இருப்பவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். அவளை இங்கே ஷமீலா என்று அழைக்கிறேன். பெயர்தான் மாற்றம், மற்றதெல்லாம் அவள் சம்மதத்தோடு எழுதுவது. "எழுது லாத்தா, ஆனா என்ன பாவமா மட்டும் காட்டிடாத" என்று அக்காவான எனக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவளைப் பாவமாகக் காட்ட எனக்கே மனசு வராது. இந்த ரமலானில் எங்கள் வீட்டில் தைரியமாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான்.

ஷமீலாவுக்குச் சர்க்கரை வியாதி பள்ளிக்கூட வயதிலேயே வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வருகிற, மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் ஓடும். ஆனால் அதை உடம்பின் சதைக்குள் கொண்டு சேர்க்க இன்சுலின் வேண்டும். அது உள்ளே ஊறவில்லை என்றால் வெளியிலிருந்து ஊசி வழியாகத்தான் தர வேண்டும், ஆயுள் முழுக்க. அவளிடம் பேனா மாதிரி இரண்டு ஊசிகள் உண்டு. ஒன்று நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும். இன்னொன்றை ஒவ்வொரு வேளையும் சாப்பிடுவதற்குச் சற்று முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். இதை விட்டால் உயிருக்கே ஆபத்து என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த வீட்டில்தான் இது நடந்தது.

அம்மாவும் அவளும் லால்பேட்டையில் இருக்கிறார்கள். அத்தா, எங்கள் அப்பா, குவைத்தில். ஷமீலா காட்டுமன்னார்கோயிலில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். நான் சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். எனக்கு வாய் ஜாஸ்தி என்று அவர் சொல்லுவார். வீட்டில் யாராவது ஒருவருக்காவது இருக்க வேண்டுமே என்று நான் சொல்லுவேன்.

ரமலானுக்கு முந்தின சில மாதங்களில் ஷமீலா இளைத்துக்கொண்டே போனாள். அதை யாரும் வியாதி என்று நினைக்கவில்லை. கல்யாண வீடுகளில் பெண்கள் அவளைச் சுற்றி நின்று ரகசியம் கேட்டார்கள். இதே பெண்கள்தான் அதற்கு முன்னால், அவள் ஊசியை ஒழுங்காகப் போட்டுக் கொஞ்சம் சதை பிடித்திருந்தபோது, "ஊசி போட்டா இப்டித்தான் ஊதிப் போவும்" என்று அவள் காதுபடப் பேசினவர்கள். பந்தியில் அவள் கை எந்தப் பாத்திரத்தின் பக்கம் போகிறது என்று ஒரு மண்டபமே பார்த்துக்கொண்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு பெண்ணின் ஒவ்வொரு கவளத்துக்கும் ஊரே மார்க் போட்டால், அந்தப் பெண்ணுக்குச் சோறு எப்படிச் சோறாகத் தெரியும்? இந்தக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை. நானும் அவளுடைய சுடிதார் தொளதொள என்று இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

நோன்பு நெருங்கியதும் முழு மாதமும் நோன்பு வைக்கப் போவதாகச் சொன்னாள். அவள் வழக்கமாகக் காட்டும் டாக்டர் வேண்டாம் என்று பல வருஷமாகச் சொல்லி வந்தார். அம்மாவுக்கோ கண் கலங்கிவிட்டது. சர்க்கரையை வைத்துக்கொண்டு என் பிள்ளை நோன்பு நோற்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வந்தார். கூடவே இன்னொன்றும் நடந்தது. பகலில் ஊசி போட்டால் நோன்பு முறிந்துவிடும் என்று அம்மா உறுதியாக நம்பினார். அவருடைய அம்மாவும் அப்படித்தான் நம்பியிருப்பார் போல. அதனால் பகல் ஊசி நின்றது. மற்றதை மக்ரிபுக்கு நோன்பு திறந்த பிறகும், விடியுமுன் சாப்பிடுகிற ஸஹர் நேரத்திலும் போட்டுக்கொள்வதாக ஷமீலா சொன்னாள். யாரும் சரிபார்க்கவில்லை. இபாதத்தில், இறைவணக்கத்தில், இருக்கிற பிள்ளையை யார் போய்ச் சோதிப்பார்கள்?

நோன்பு பாதி தாண்டியபோது ஒருநாள் மதியம் அம்மா போன் செய்தார். ஷமீலா விடாமல் வாந்தி எடுக்கிறாள், மூச்சு ஒரு மாதிரி வாங்குகிறாள் என்றார். ஆட்டோவில் காட்டுமன்னார்கோயில் போனார்கள். அங்கே சின்ன கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்தபோது மெஷினில் எண்ணே வரவில்லை. அளவு அதன் எல்லையைத் தாண்டிவிட்டது. அங்கிருந்த டாக்டர் அவள் மூச்சை முகர்ந்து பார்த்துவிட்டு, நின்று பேசாமல் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஆம்புலன்சுக்கு அவரே போன் செய்தாராம். அந்த டாக்டருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவருக்காக அம்மா இன்றும் துஆ செய்கிறார்.

சிதம்பரத்தில் அவசர சிகிச்சை வாசலில் நான் காத்திருந்தேன். ஸ்ட்ரெச்சரில் வந்தது என் தங்கை என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. கண் குழி விழுந்து, உதடு காய்ந்து, நெஞ்சின் அடியிலிருந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். கிட்டே குனிந்தபோது, மூடி வைத்துக் கனிந்து போன பழத்தின் வாடை அவள் வாயிலிருந்து அடித்தது. நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். வேலையைப் பார்த்துக்கொண்டே எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இன்சுலின் இல்லாததால் சர்க்கரை உடம்புக்குப் பயன்படாமல் சிறுநீரில் போகிறது, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. பட்டினி கிடக்கிற உடம்பு தன் கொழுப்பையும் சதையையும் தானே எரிக்கிறது. எரிந்த கழிவு ரத்தத்தில் அமிலமாகச் சேர்கிறது. "ரத்தம் புளிச்சிப் போச்சின்னு வெச்சிக்கங்க" என்றார். இதற்கு கீட்டோஅசிடோசிஸ் என்று பெயர். கவனிக்காவிட்டால் ஆளைக் கொண்டுபோய்விடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மணிக்கட்டின் உள்ளே ஆழமாக ஊசி இறக்கி ரத்தம் எடுத்து அமிலத்தின் அளவைப் பார்த்தார்கள். அது சாதாரண ஊசியைவிட வலிக்குமாம். அரை மயக்கத்திலும் ஷமீலா கையை இழுக்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கையில் உப்புத் தண்ணீர், இன்னொரு கையில் மெஷின் வழியாகச் சொட்டுச் சொட்டாக இன்சுலின். அடிக்கடி விரலில் குத்தல். பொட்டாசியம் குறைந்தால் இதயம் தடுமாறும் என்று அதையும் பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில். மச்சான் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து, அம்மாவுக்கு நோன்பு திறக்கத் தண்ணீர் பாட்டிலும் பேரீச்சம் பழமும் கொடுத்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடினார். பில்லைப் பற்றி எழுதி உங்களையும் காய்ச்சலில் தள்ளப் போவதில்லை. அத்தா அனுப்பினார், மச்சான் புரட்டினார், கட்டினோம்.

அமிலம் இறங்கி, ஆள் தெளிந்ததும், பெண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். மாற்றிய கையோடு லால்பேட்டையே பஸ் ஏறி வந்துவிட்டது. பிளாஸ்க் பிளாஸ்க்காக நோன்புக் கஞ்சி. எல்லோருக்கும் ஒரே பேச்சு: உடம்பைப் பார்க்காமல் நோன்பு வைத்தாளே, எப்பேர்ப்பட்ட பிள்ளை. பெரியம்மா ஒருத்தி கட்டிலின் கால்மாட்டில் நின்று, இந்தக் காலத்தில் மார்க்கத்தில் இப்படி ஒரு பேணுதலா என்று வியந்தாள். ஷமீலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். பகலில் ஊசி போடுவதை யார் நிறுத்தச் சொன்னது என்று மெதுவாகத்தான் கேட்டார். அம்மாவின் முகத்தில் அதுவரை இருந்த பெருமை அப்படியே வடிந்தது. நான்தான் சொன்னேன், ஊசி போட்டால் நோன்பு முறியும் என்று நான்தான் சொன்னேன், என் பிள்ளையை நானே கொல்லப் பார்த்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பெரியம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா, தெரியாமல் செய்ததுதானே என்று சமாதானம் சொன்னார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். காரணம் கிடைத்துவிட்டது. அதுவும் எவ்வளவு கௌரவமான காரணம். ஷமீலா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்பாள், ஊர் மெச்சியிருக்கும், மறுபடியும் அதே பாதையில் போய் ஒருநாள் திரும்பி வராமலே இருந்திருப்பாள்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். உட்காரவே தெம்பில்லை, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவாதம்மா. ஒன்னால இல்ல. நோன்பு மேல பழிய போடாதிங்க" என்றாள். "நோன்புக்கு ரொம்ப முன்னாடியே நா ஊசிய கொறச்சிட்டேன், பல வேள உட்டுட்டேன். போட்டா குண்டாயிடுவேன்னு பயம். சாப்டவும் பயம். பசி தாங்காம யாரும் இல்லாதப்ப அள்ளி அள்ளித் தின்னுட்டு, அதுக்கும் ஊசி போடாம இருந்துருக்கேன். நோன்பு வந்தது எனக்கு ஒளிஞ்சிக்க எடம் கெடச்ச மாதிரி ஆயிடிச்சி. அவ்ளோதான்."

பக்கத்துக் கட்டில் அம்மாள் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அம்மாவுக்கு என்ன சொன்னாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்குப் புரிந்தது. புரிந்ததும் முதலில் வந்தது அதிர்ச்சி இல்லை. இவள் என் தங்கை என்ற கர்வம்தான். புடவை விலையைக் குறைத்துச் சொல்லி மச்சானிடம் தப்பிக்கிற சாமர்த்தியசாலி நான். இவளுக்கு ஊரே கூடிக் கையில் ஒரு பொய்யை, அதுவும் புண்ணியத்தில் தோய்த்த பொய்யைக் கொடுத்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் தன் வெட்கத்தை எடுத்துச் சொன்னாள். அம்மாவின் மேல் அந்தப் பாரம் விழக் கூடாது என்பதற்காக.

டாக்டரம்மா திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரவுண்ட்ஸில் டாக்டர் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. "நீ சொன்னதுதாம்மா இனிமே ஒனக்குப் பெரிய மருந்து. நீ சொல்லலன்னா நாங்க சர்க்கரைக்கு மட்டும் பாத்துட்டு அனுப்பிச்சிருப்போம்" என்றார். பிறகு எங்களிடமும் விளக்கினார். இது திமிரோ அழகு மோகமோ இல்லை, மனசைப் பிடிக்கிற ஒரு வியாதி. இந்த வகைச் சர்க்கரை உள்ளவர்களைச் சின்ன வயதிலிருந்தே சாப்பாட்டை எண்ணச் சொல்கிறோம், எடையைப் பார்க்கச் சொல்கிறோம். சிலருக்கு அந்த எண்ணிக்கையே பயமாக மாறிவிடுகிறது. அப்புறம் சாப்பாடும் எதிரி, உயிர் காக்கிற ஊசியும் எதிரி. கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் சத்தமில்லாமல் கெடும், திடீரென்று இப்படி ஆளும் விழும். சர்க்கரை டாக்டரும் மனநல டாக்டரும் சேர்ந்து பார்த்தால்தான் மீட்க முடியும், மீட்க முடியும் என்று இரண்டு முறை சொன்னார். கடலூரில் தனக்குத் தெரிந்த ஒரு மனநல டாக்டரிடம் அன்றைக்கே பேசினார்.

மீள்வது எவ்வளவு கஷ்டம் என்பதை அடுத்த நாட்களில் பார்த்தேன். ரொம்ப நாள் போதுமான இன்சுலின் இல்லாமல் கிடந்த உடம்பில் மறுபடி இன்சுலின் ஏறும்போது சிலருக்குத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஷமீலாவுக்குக் காலெல்லாம் வீங்கி, முகம் உப்பி, மோதிரம் கழற்ற முடியாமல் போனது. எதற்குப் பயந்து உயிரைப் பணயம் வைத்தாளோ அதுவே கண்ணெதிரில் வந்து நின்றது. இது சதை இல்லை, வெறும் தண்ணீர், சில வாரத்தில் வடியும் என்று டாக்டரம்மா சொல்லி வைத்திருந்தார். ஆனாலும் கண்ணாடிக்கு அது தெரியாதே. பார்க்க வந்த ஒருத்தி அன்பாகத்தான் சொன்னாள், "இப்பதான் புள்ள கொஞ்சம் பூசினாப்ல நல்லாருக்கா" என்று. அவளை அப்படியே ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்று எனக்கு இருந்தது. அவளை நான் வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பியபோது ஷமீலா அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே நர்ஸிடம் கையை நீட்டினாள், ஊசிக்காக.

அன்றைக்கு அவள் அம்மாவிடம் கேட்டதை மறக்க மாட்டேன். "கொஞ்ச நாளைக்கு நா ஊசி போடறப்ப பக்கத்துல இரும்மா. எனக்கு என்மேல நம்பிக்க இல்ல." இருபத்துச் சொச்சம் வயது டீச்சர், வகுப்பு முழுக்க இவள் பார்வைக்கு அடங்கும். அவள் தன் அம்மாவிடம் காவல் கேட்டாள். அம்மா ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

டிஸ்சார்ஜ் ஆனதும் கடலூர் போனோம். பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். கிளினிக்கில் காத்திருக்கும் அறையில் தெரிந்தவர் யாராவது இருந்துவிடப் போகிறார்களே என்று அம்மா முக்காட்டை இழுத்து இழுத்து விட்டார். ஷமீலாதான், "இருந்தா என்னம்மா, அவுங்களும் காட்டத்தானே வந்துருப்பாங்க" என்றாள். அந்த டாக்டர் அவளிடம் தனியாக நெடுநேரம் பேசினார். அப்புறம் எங்களைக் கூப்பிட்டார். அவள் உடம்பைப் பற்றி, இளைத்தாள் என்றோ தேறினாள் என்றோ, ஒரு சொல் பேசக் கூடாது. தட்டை உற்றுப் பார்க்கக் கூடாது. சாப்பாட்டில் ஹலால், ஹராம் மாதிரி நல்லது, கெட்டது என்று பிரிக்கக் கூடாது. எதைச் சாப்பிட்டாலும் அதற்குத் தகுந்த ஊசி உண்டு என்பதுதான் பாடம். அம்மாவுக்கு இது நோன்பைவிடக் கஷ்டமான கட்டுப்பாடு. ஆனால் பிடித்துக்கொண்டார். ஷமீலா சாப்பிடும்போது எதிர்ச் சுவரில் தொங்குகிற காலண்டரை அவ்வளவு கவனமாகப் படிப்பார். பௌர்ணமி அமாவாசை எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவள் எல்லா வேளையும் ஜெயித்தாள் என்று எழுதினால் அது பொய். ஊசியைப் போட்டுவிட்டாள், ஆனால் பல வேளை சோறு உள்ளே இறங்கவில்லை. ஊசி போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அதற்காகப் பால், பிஸ்கெட் என்று எதையோ விழுங்கி ஒப்பேற்றினாள். உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிடுவது மட்டும் முடியவில்லை. கடலூர் டாக்டர் அவசரப்படுத்த வேண்டாம் என்றார். எனக்குத்தான் பொறுமை இல்லை. இந்த ஒன்று திரும்பாவிட்டால் மறுபடியும் அந்த ஸ்ட்ரெச்சர்தான் என்று பயந்தேன்.

இதற்கிடையில் அம்மா பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். அவர் பதறிப்போனாராம். இப்படிப்பட்ட நோயாளி மேல் நோன்பே கடமை இல்லை, ஊசியால் நோன்பு முறியவும் முறியாது, முதலில் உயிரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். தீராத நோயால் விட்ட நோன்புக்கு ஈடாக ஃபித்யா கொடுக்கலாம் என்றும் சொன்னார். ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு வயிறார உணவு, அதுதான் ஃபித்யா. எங்கள் பக்கம் பெரும்பாலும் அரிசியாகவோ காசாகவோ கொடுத்துவிடுவார்கள். ஷமீலா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் ஆளுக்கு நானே சமைத்து நானே பரிமாறுவேன் என்றாள். எந்த நெய்ச்சோற்றை நினைத்தாலே நடுங்குவாளோ அதையேதான் சமைத்தாள், தாளிச்சாவோடு, கறியோடு. அம்மாவும் நானும் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை.

ரமலான் முடியச் சில நாட்களே இருந்த அன்றைக்கு வந்தவர் மைமூன் மாமி. கல்யாண வீடுகளில் தேக்சா என்கிற பெரிய சமையல் அண்டாக்களைக் கழுவுகிறவர், எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில் தனியாக இருக்கிறார். பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம் பழம், ஒரு வாய் தண்ணீரோடு நோன்பைத் திறந்து, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஷமீலா ஸஹனில் சோற்றைக் கொட்டிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஸஹன் என்பது நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு. விருந்தாளிக்கு மரியாதை என்று அதில் வைத்துவிட்டாள். மாமி தட்டைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"ஸஹன்ல ஒத்த ஆளா யாராச்சும் உக்காருவாங்களா? வா, வந்து உக்காரு" என்றார்.

அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்பது மட்டும் தெரியும். நான் குறுக்கே பாய்ந்து, அவள் அப்புறம் சாப்பிடுவாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஷமீலா உட்கார்ந்துவிட்டாள். சோற்றைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பேனா ஊசியை எடுத்து வந்தாள். வெளி ஆள் முன்னால் அவள் ஊசி போட்டு நான் பார்த்ததே இல்லை. சின்ன வயதிலிருந்தே கதவைச் சாத்திக்கொண்டுதான் போடுவாள். அன்றைக்குத் தன் பங்குக்குச் சோற்றில் விரலால் ஒரு கோடு போட்டு, அதற்கு எவ்வளவு என்று வாய்க்குள் கணக்குப் பார்த்து, பேனாவைத் திருகி, மாமியின் கண் முன்னால் போட்டுக்கொண்டாள்.

"நீங்க சாப்டுங்க மாமி. இது வேல செய்யணும், நா கொஞ்சம் பொறுத்துதான் சாப்டணும்" என்றாள்.

மைமூன் மாமி சோற்றின் பக்கம் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். "செய்யட்டும். பகலெல்லாம் காத்திருந்தவளுக்கு இது ஒரு நேரமா."

இருவரும் காத்திருந்தார்கள். மாமி ஏதோ ஒரு கல்யாண வீட்டில் தேக்சா அடிப்பிடித்துப் போன கதையைச் சொன்னார். ஷமீலா சிரித்தாள். நெய்ச்சோற்றின் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது. நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஷமீலா பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை வைத்தாள். அவள் வைத்த பிறகுதான் மாமி வைத்தார். பாதியில் மாமி நல்ல கறித்துண்டு ஒன்றைத் தேடி எடுத்து அவள் பக்கமாகத் தள்ளினார். அவள் அதையும் சாப்பிட்டாள்.